இரவு செபத்தில் தொடங்குங்கள்: திருப்புகழ்மாலையை வீட்டில் செபிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்புகழ்மாலை என்றாலே குருக்களும் கன்னியரும் கையில் வைத்திருக்கும் தடித்த புத்தகம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அது அவர்களுடைய கடமை, நமக்கு செபமாலை போதும் என்று ஒதுங்கிவிடுகிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்படி நினைக்கவில்லை. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டு ஏடு, பொதுநிலையினரும் குருக்களோடு சேர்ந்தோ, தங்களுக்குள் கூடியோ, தனியாகவோ இதைச் செபிக்க வேண்டும் என்று ஊக்கப்படுத்துகிறது. கடமை அவர்களுக்கு, அழைப்பு எல்லாருக்கும்.

அழைப்பை ஏற்றுப் புத்தகத்தை வாங்கியவர்களில் பலர் சில வாரங்களிலேயே விட்டுவிடுவதற்குக் காரணம் பக்திக் குறைவு அல்ல. முதல் நாளே காலை, பகல், மாலை, இரவு என்று எல்லாவற்றையும் சொல்ல முயல்கிறார்கள். நாடாக்களை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரியாமல் திணறுகிறார்கள். ஒரு வேளை தவறியதும் குற்ற உணர்வு வருகிறது, புத்தகம் அலமாரிக்குப் போகிறது. ஆகவே இந்த வழிகாட்டி பின்பக்கத்திலிருந்து, அதாவது நாளின் கடைசி செபத்திலிருந்து தொடங்குகிறது.

முதலில், இது என்ன?

விவிலியத்தில் உள்ள திருப்பாடல்களை (சங்கீதங்களை) நாளின் வேளைகளுக்குப் பிரித்து வைத்துச் செபிக்கும் முறை இது. யூதர்களுக்குக் குறித்த நேரத்தில் செபிக்கும் வழக்கம் இருந்தது. பேதுருவும் யோவானும் பிற்பகல் மூன்று மணி செபத்துக்காகக் கோவிலுக்குப் போனதையும், பேதுரு நண்பகலில் வீட்டுக் கூரைமேல் ஏறிச் செபித்ததையும் திருத்தூதர் பணிகளில் வாசிக்கிறோம். பாலைநிலத் துறவிகளும் அவர்களுக்குப் பின் வந்த மடங்களும் இந்த வழக்கத்தை ஒரு முழு ஒழுங்காக வளர்த்தன. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய துறவு ஒழுங்கில் 8 முதல் 18 வரையிலான அதிகாரங்கள் எந்த நாளில், எந்த வேளையில், எந்தத் திருப்பாடல் என்று வகுப்பதற்கே செலவாகின்றன. ஒரே வாரத்தில் 150 திருப்பாடல்களையும் முடிக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நம் முன்னோர் ஒரே நாளில் சொன்னதை நாம் ஒரு வாரத்திலாவது சொல்ல வேண்டாமா என்று கொஞ்சம் குத்தலாகவே கேட்கிறார். ஆனால், இந்தப் பங்கீடு பிடிக்காதவர் வேறு விதமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். அந்தத் தாராளம் எனக்குப் பிடிக்கும்.

எழுத்தறியாத மக்கள் 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 முறை மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லிவந்ததும், அது செபமாலையின் வடிவத்தோடு கலந்ததும் நமக்குத் தெரிந்த வரலாறு. ஆகவே செபமாலை சொல்பவருக்குத் திருப்புகழ்மாலை அந்நியமான ஒன்று அல்ல.

இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1970 நவம்பர் 1 அன்று பிறப்பித்தார். இதில் திருப்பாடல்கள் நான்கு வாரங்களுக்குப் பரவலாக்கப்பட்டன. சாபச் சொற்கள் மிகுந்த 58, 83, 109 ஆகிய மூன்றும் இதில் இல்லை. ஒரு நாளுக்கு ஐந்து வேளைகள்: நீண்ட வாசகங்களைக் கொண்ட வாசகச் செபம், காலைப் புகழ், பகல் செபம், மாலைப் புகழ், இரவு செபம். இவற்றில் காலையும் மாலையுமே அச்சாணிகள் என்று சங்கம் சொல்கிறது. அப்படியிருக்க, இரவில் ஏன் தொடங்கச் சொல்கிறேன்?

படி 1: இரவு செபம் மட்டும்

இதுதான் மிகச் சிறியது, மிகக் குறைவாக மாறுவது. காலையும் மாலையும் நான்கு வாரச் சுழற்சியில் ஓடுகின்றன. இரவு செபம் ஒரே வாரச் சுழற்சியில் முடிந்துவிடுகிறது. ஆசீர்வாதப்பரின் மடத்தில் அதுகூட இல்லை. எல்லா இரவும் 4, 91, 134 ஆகிய அதே மூன்று திருப்பாடல்கள்தான். விளக்கில்லாமல், புத்தகமில்லாமல் மனப்பாடமாகவே சொல்லிவிடலாம்.

இன்றைய முறையிலும் அந்த வசதி உண்டு. ஞாயிறுக்குரிய இரண்டு மாலைப் புகழ்களுக்கும் (சனி மாலை, ஞாயிறு மாலை) பின் வரும் இரவு செபங்களில் இந்தத் திருப்பாடல்களே உள்ளன: சனி இரவு 4, 134, ஞாயிறு இரவு 91. வாரத்தின் எந்த நாளிலும் அந்த நாளுக்கு உரியதை விட்டுவிட்டு இந்த ஞாயிறு செபங்களில் ஒன்றைச் சொல்லலாம் என்று, திருப்புகழ்மாலையைச் செபிக்கும் முறையை விளக்கும் அதிகாரப்பூர்வ ஏடான பொதுப் போதனையே அனுமதிக்கிறது. மனப்பாடமாகச் செபிக்க விரும்புகிறவர்களுக்கு அது உதவும் என்பதே காரணம். புதிதாகத் தொடங்குகிறவர் திருப்பாடல் 91ஐ மட்டும் எல்லா இரவும் சொல்லலாம். சொற்கள் நாவில் பதியும்வரை அதை மாற்றவே வேண்டாம்.

அமைப்பு இதுதான். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, கடவுளே என் உதவிக்கு வாரும், ஆண்டவரே எனக்குத் துணைசெய்ய விரைந்து வாரும் என்ற பொருள்தரும் திருப்பாடல் 70இன் முதல் வரியோடு தொடங்குகிறோம். அடுத்து திரித்துவப் புகழ். தவக்காலம் தவிர மற்ற நாள்களில் அதோடு அல்லேலூயா. பிறகு ஆன்ம ஆய்வு. அதன் பின் ஒரு பாடல், திருப்பாடல், ஓரிரு வரிகளே உள்ள வாசகம், அதற்குப் பதிலுரை, சிமியோனின் பாடல், இறுதி மன்றாட்டு, ஆசி. கடைசியாக அன்னை மரியாவுக்கு ஒரு பாடல். நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொன்ன கிருபை தயாபத்து மந்திரம் இங்கே அப்படியே பொருந்துகிறது. பாஸ்கா காலத்தில் அதற்குப் பதிலாக, அந்நாள்களின் மூவேளை செபத்தில் சொல்கிற விண்ணக அரசிக்கான வாழ்த்தைச் சொல்ல வேண்டும்.

பத்து நிமிடத்துக்குள் முடியும். ஆன்ம ஆய்வுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் பதினைந்து. அந்த ஆய்வில் பாவப் பட்டியல் தயாரிக்க வேண்டியதில்லை. காலையிலிருந்து நாளைப் பின்தொடர்ந்து வந்தாலே போதும், உறுத்த வேண்டிய இடத்தில் தானாக உறுத்தும்.

படி 2: ஒரு வெள்ளி இரவை அருகிலிருந்து பார்ப்போம்

91 பழகிய பிறகு, அந்தந்த நாளுக்கு உரிய திருப்பாடலுக்குப் போகலாம். திங்கள் 86, செவ்வாய் 143, புதன் 31இன் தொடக்கமும் 130உம், வியாழன் 16, வெள்ளி 88.

வெள்ளியை எடுத்துக்கொள்வோம். திருப்பாடல் 88 முழுத் தொகுப்பிலும் மிக இருண்டது என்று சொல்லலாம். மற்றப் புலம்பல்களில் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும். இதில் அதுவும் இல்லை. நண்பர்கள் அகன்றுவிட்டார்கள், படுகுழியின் ஆழத்தில் கிடக்கிறேன், ஏன் என்னைத் தள்ளிவிடுகிறீர் என்று கேட்டுக் கேட்டு, இருளைப் பற்றிய சொல்லோடே முடிந்துவிடுகிறது. ஆண்டவர் இறந்த நாளின் இரவில் திரு அவை இதை நம் வாயில் வைக்கிறது.

உடனே வாசகம் வருகிறது. எரேமியா 14:9, ஒரே வசனம்: ஆண்டவரே, நீர் எங்கள் நடுவில் இருக்கிறீர், உம் பெயரால் அழைக்கப்படுகிறோம், எங்களைக் கைவிட்டுவிடாதீர். கேள்விக்கு விளக்கம் தருகிற பதில் அல்ல இது. இருளில் கிடப்பவனுக்கு அருகே ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அடுத்த பதிலுரை, இயேசு சிலுவையில் சொன்ன திருப்பாடல் 31இன் வரி: "உமது கையில் என் உயிரை ஒப்படைக்கின்றேன்." பின்பு முதிய சிமியோன், லூக்கா 2:29-32. குழந்தையைக் கையில் ஏந்திய கிழவர், இனி நான் போகலாம் என்கிறார். தூங்கப் போகிறவனின் வாயில் அந்தச் சொற்கள் சரியாகவே உட்காருகின்றன.

புதன்கிழமை வாசகமும் இப்படித்தான். பொழுது சாய்வதற்குள் உங்கள் சினம் தணியட்டும் என்ற எபேசியர் 4:26. அன்று யாரோடாவது மல்லுக்கட்டியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போவது எளிதல்ல. தேர்ந்தெடுக்கும் வேலை நம் கையில் இருந்திருந்தால், அந்த வசனத்தை அன்று நாம் எடுத்திருக்கவே மாட்டோம்.

செபம் முடிந்த பிறகு? ஆசீர்வாதப்பரின் ஒழுங்கில் 42ஆம் அதிகாரம் இதற்கென்றே இருக்கிறது. இரவு செபத்துக்குப் பின் யாரும் பேசக் கூடாது. விருந்தினருக்கு ஏதாவது தேவைப்பட்டாலோ மடாதிபதி கட்டளையிட்டாலோ மட்டும் விலக்கு. குடும்பத்தில் இருப்பவருக்கு முழு மௌனம் நடக்கிற காரியமல்ல. ஆனால் கைபேசியை அதற்குப் பின் தொடாமல் இருப்பது நடக்கிற காரியம். இதே காரணத்தால், இரவு செபத்துக்குச் செயலியைவிடப் புத்தகமோ கையால் எழுதிய ஓர் அட்டையோ மேல் என்பது என் கருத்து. திருப்பாடலின் நடுவில் செய்தி வந்து விழும் திரையில் 88ஐச் சொல்லிப் பாருங்கள், புரியும்.

படி 3: திருப்பாடலைச் சொல்லும் விதம்

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் மொத்தத் திருப்புகழ்மாலையும் இதன்மேல்தான் நிற்கிறது.

வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருந்தாலும் உதடுகள் அசையட்டும், காதில் விழும் அளவுக்குக் குரல் எழட்டும். கண்ணால் ஓட்டினால் அது வாசிப்பாகிவிடுகிறது. திருப்பாடலின் ஒவ்வொரு வசனமும் பெரும்பாலும் இரண்டு பாதிகளாக இருக்கும். முதல் பாதி ஒன்றைச் சொல்லும், இரண்டாம் பாதி அதையே வேறு சொல்லால் திருப்பிச் சொல்லும் அல்லது முன்னே நகர்த்தும். மடங்களில் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு மூச்சு நிறுத்துவார்கள். வசனத்தின் முடிவில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்துவது முதலில் விசித்திரமாக இருக்கும். இரண்டு மூன்று இரவுகளில் பழகிவிடும், வேகமும் தானாகக் குறையும்.

ஒவ்வொரு திருப்பாடலுக்கும் முன்னும் பின்னும் ஒரு முன்மொழி உண்டு. அந்தப் பாடலை எந்தக் கோணத்தில் செபிக்கப்போகிறோம் என்று காட்டும் வரி அது. பாடல் முடிந்ததும் "தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும்" சொல்கிறோம். அதற்கு எழுந்து நிற்பதோ தலை தாழ்த்துவதோ மடங்களின் வழக்கம். பிறகு முன்மொழியை மீண்டும் சொல்லிக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அந்த இடைவெளியில் எதையும் சாதிக்க வேண்டாம்.

நம் மனமும் நம் குரலும் ஒத்துப்போகும்படி நின்று பாடுவோம் என்று ஆசீர்வாதப்பர் 19ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். வரிசையைக் கவனியுங்கள். குரல் முதலில் வருகிறது, மனம் அதைப் பின்தொடர்ந்து வந்து சேர வேண்டும். நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம், மனம் இளகினால்தான் வாய் திறப்பேன் என்று காத்திருக்கிறோம்.

என் மனநிலைக்கும் பாடலுக்கும் சம்பந்தமே இல்லையே என்ற கேள்வி கட்டாயம் வரும். வீட்டில் துக்கம் நடந்த நாளில் அக்களிப்புப் பாடல் வரும். நல்ல செய்தி கிடைத்த நாளில் புலம்பல் வரும். பொதுப் போதனை இதற்கு நேராகப் பதில் சொல்கிறது: இதைச் செபிப்பவர் தம் பெயரால் மட்டும் செபிப்பதில்லை, கிறிஸ்துவின் முழு உடலின் பெயரால் செபிக்கிறார். நான் மகிழ்ந்திருக்கும் வெள்ளி இரவில் 88ஐச் சொல்லும்போது, எங்கோ மருத்துவமனைக் கட்டிலில் செபிக்கத் தெம்பில்லாமல் படுத்திருக்கும் ஒருவருக்கு என் நாவைக் கடன் கொடுக்கிறேன். என் துக்க நாளில் வேறொருவர் எனக்காக அக்களித்துப் பாடுகிறார். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால், உணர்ச்சி வறண்டுபோன நாளில்கூட இந்தச் செபத்தை விட மனம் வராது. பிடிபடாவிட்டால், மனதுக்குப் பிடித்த பாடலைத் தேடிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டேதான் இருப்போம்.

படி 4: இன்னொரு வேளையைச் சேர்த்தல்

இரவு செபம் தானாக நடக்கத் தொடங்கியதும் காலைப் புகழையோ மாலைப் புகழையோ சேர்க்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் வேண்டாம். எந்த நேரம் உங்கள் கையில் இருக்கிறதோ அதை எடுங்கள்.

காலைப் புகழே நாளின் முதல் செபமானால் தொடக்க அழைப்போடு ஆரம்பிக்கிறது. "என் தலைவரே! என் இதழ்களைத் திறந்தருளும்" என்ற திருப்பாடல் 51இன் வரியைச் சொல்லி, வாயின்மேல் சிலுவை அடையாளம் இட்டு, திருப்பாடல் 95ஐச் சொல்கிறோம். ஆசீர்வாதப்பரின் மடத்தில் இந்தப் பாடலை வேண்டுமென்றே இழுத்து மெதுவாகச் சொல்வார்கள். தூக்கம் கலைந்து தாமதமாக வரும் சகோதரர் அது முடிவதற்குள் வந்து சேர்ந்துவிட்டால் தண்டனை இல்லை. கண்டிப்பான ஒழுங்கு என்று பெயரெடுத்த நூலில் இப்படியும் ஓர் இடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு: பாடல், ஒரு திருப்பாடல், பழைய ஏற்பாட்டுப் பாடல் ஒன்று, ஒரு புகழ்ச்சித் திருப்பாடல், சிறு வாசகம், பதிலுரை, செக்கரியாவின் பாடல் (லூக்கா 1:68-79), மன்றாட்டுகள், இயேசு கற்பித்த செபம், இறுதி மன்றாட்டு. மாலையில் இரண்டு திருப்பாடல்களும் ஒரு புதிய ஏற்பாட்டுப் பாடலும் வரும், நற்செய்திப் பாடல் மரியாவுடையது (லூக்கா 1:46-55). மற்றவை காலையைப் போலவே. நற்செய்திப் பாடல்களுக்கு எழுந்து நின்று, தொடங்கும்போது சிலுவை அடையாளம் வரைகிறோம்.

மன்றாட்டுகளில் ஒரு நுணுக்கம். காலையில் அவை அன்றைய நாளை ஒப்புக்கொடுப்பதற்கானவை. மாலையில் மற்றவர்களுக்கானவை, அவற்றில் கடைசி மன்றாட்டு எப்போதும் இறந்தவர்களுக்கானது. அந்த இடத்தில் நிறுத்தி, உங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள்.

படி 5: எந்த வாரம், எந்தப் பக்கம்?

பலரை விரட்டுவது இந்த இடம்தான், ஆனால் கணக்கு எளிது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, தவக்காலத்தின் முதல் ஞாயிறு, உயிர்ப்பு ஞாயிறு, பொதுக்காலத்தின் முதல் வாரம் ஆகிய எல்லாம் திருப்பாடல் வாரம் ஒன்றில் தொடங்குகின்றன. பொதுக்காலத்தில் வார எண்ணை நான்கால் வகுத்து மீதியைப் பாருங்கள். 17ஆம் வாரம் என்றால் மீதி 1, ஆகவே முதல் வாரம். 23 என்றால் மூன்றாம் வாரம். மீதி இல்லையென்றால் நான்காம் வாரம். திருநீற்றுப் புதன் முதல் வரும் சனிவரை நான்காம் வாரத்தைச் சொல்ல வேண்டும்.

பெருவிழாக்களுக்குத் தனிப் பகுதிகள் உண்டு. தொடக்கத்தில் அவற்றைத் தேடி அலைய வேண்டாம். கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு போன்ற பெரிய நாள்களில் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

பழைய நூல்களிலோ இலத்தீன் பதிப்புகளிலோ திருப்பாடல் எண் ஒன்று குறைவாக இருந்தால் குழம்ப வேண்டாம். கிரேக்க, இலத்தீன் மரபில் 9உம் 10உம் ஒரே பாடல், அதனால் அதற்குப் பின் பெரும்பாலும் ஓர் எண் பின்தங்கி வரும். நம்முடைய 51 அங்கே 50. சொல்லப்போனால் அந்தப் பாடல் நான்கு வாரங்களிலும் எல்லா வெள்ளிக் காலையிலும் வருகிறது. நாடாவே வேண்டாம், வெகு சீக்கிரம் மனப்பாடமாகிவிடும்.

படி 6: இருவராக, பலராக

வீட்டில் இன்னொருவர் சேர்ந்தால் இரு பக்கமாகப் பிரிந்து, ஒரு வசனம் இவர், அடுத்த வசனம் அவர் என்று சொல்லுங்கள். எதிர்ப் பக்கம் சொல்லும்போது கேட்பதும் செபம்தான். ஒருவர் குரல் மற்றவரை முந்தக் கூடாது. குழந்தைகள் இருந்தால் முன்மொழியை அவர்களிடம் விட்டுவிடலாம். பொதுநிலையினர் மட்டும் கூடியிருக்கும்போது "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்வதில்லை. ஆண்டவர் நமக்கு ஆசி வழங்கி, எல்லாத் தீமையிலிருந்தும் காத்து, நிலைவாழ்வுக்கு அழைத்துச் செல்வாராக என்று எல்லாரையும் உள்ளடக்கிச் சொல்லி முடிக்கிறோம்.

தவறிப்போனால்

தவறும். பொதுநிலையினருக்கு இது கடமையல்ல என்பதால் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்ல வேண்டிய விஷயமும் அல்ல. தவறிய காலைப் புகழை மாலையில் உட்கார்ந்து ஈடுகட்டாதீர்கள். எழும் கதிரவனையும் உயிர்த்த ஆண்டவரையும் நினைத்து அமைக்கப்பட்ட செபம் அது, இருட்டிய பிறகு அதற்குப் பொருத்தமில்லை. அடுத்து எந்த வேளை வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் இருந்தால்? தொலைவில் வேலை செய்யும் சகோதரர்கள் இருக்கும் இடத்திலேயே செபிக்கட்டும், பயணத்தில் இருப்பவர்களும் குறித்த வேளையைத் தவறவிடாமல் தங்களால் இயன்ற அளவில் சொல்லட்டும் என்று ஆசீர்வாதப்பரின் 50ஆம் அதிகாரம் வழிசொல்கிறது. பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்க முடியாதென்றால், மனப்பாடமான திருப்பாடல் 91உம் சிமியோனின் பாடலும் போதும்.